ஜெசிந்தாவுக்குக் குல்லா இல்லை

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை வரவேற்பதுதான் என் உத்தியோகம். 'வடிவாம்பாள், நல்வரவு அதிகாரி' என்று அறைக் கதவில் பலகையே உண்டு. இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண்பிள்ளை அந்த நினைப்பில் ஒரு லாரி மண்ணைக் கொட்டினாள்.

முதலில் குல்லாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சூலூர் பக்கம் எங்கள் ஆலை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் போடுகிற பெரிய பேட்டரிகள் செய்கிறோம். ஆரம்பத்தில் இருந்த ஆட்களை ஓசூரில் திறந்த புது ஆலைக்கு ஒருவர் நீங்கலாக மொத்தமாக அனுப்பிவிட்டு, இங்கே எல்லாரையும் புதிதாக எடுத்தார்கள். வந்தவர்கள் நிற்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரே மாதத்தில் ஆறு பேர் கிளம்பிவிடுவார்கள். சம்பளம் போதவில்லையா என்று கேட்டால் அதுவுமில்லை. "யாரையும் தெரியலீங்க, மனசு ஒட்டமாட்டேங்குது" என்பார்கள். நான் சேர்ந்த மூன்றாம் மாதம், மேலிடம் இந்தக் குல்லாவை வாங்கி என் தலையில் கட்டியது.

தலையில் பத்து நிமிடம் மாட்டினால் போதும். கழற்றும்போது இந்த ஆலை அவர்களுக்கு ஐந்து வருடம் பழகின இடமாகிவிடும். இயந்திரச் சத்தம் பழகியிருக்கும், பாதை பழகியிருக்கும், இங்கே வேலை செய்கிற அத்தனை முகமும் பழகியிருக்கும். ஏற்கெனவே குல்லா போட்டவர்களுக்கும் மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் மாட்டி, புது முகங்களை ஏற்றிவிடுவோம். ஒருத்தன் குல்லா கழற்றின கையோடு பிளான்ட் மேனேஜர் ரங்கதுரையின் முதுகில் ஒரு போடு போட்டு, "என்ன மாப்ளே, எளைச்சுட்டே!" என்றான். அவரும், "எங்கடா தூங்கறேன்" என்று வருத்தப்பட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் குல்லா போடுவது என்றால் ஆளை ஏமாற்றுவது என்று வேறு அர்த்தம். அதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஆலையை விட்டு ஒருவர்கூடப் போகவில்லை.

முதல் குல்லா எனக்குத்தான். நானே போட்டுக்கொள்ளாததை அடுத்தவர் தலையில் எப்படி வைப்பது?

தூத்துக்குடியிலிருந்து வந்த அந்த ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. ஐஸ் பிளான்ட்டில் பதினாறு வருடம் இருந்தவள். குல்லா இயக்குகிற அன்வர் அவளுடைய மருத்துவத் தாளைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"சின்ன வயசுல வலிப்பு வந்திருக்குங்க்கா. இவங்களுக்கு மாட்டக்கூடாது."

"அப்ப என்ன பண்றது அன்வரு?"

"கையேட்டுல இருக்குங்க்கா. குல்லா ஆகாதவங்களுக்கு முப்பது நாள். அதுக்குள்ள ஒட்டுதல் மார்க் அறுபதைத் தொடணும். நீங்கதான் போடோணும். வரலீன்னா அனுப்பிச்சரோணும்."

ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, அனுப்பிராதீங்க. அங்கன பிளான்ட்ட மூடிட்டாங்க. மகள இங்க ஒம்பதாங் கிளாஸ்ல சேத்தாச்சு. நான் எப்படியும் ஒட்டிக்கிடுவேன்."

"அட, அழுவாதீங்க. முப்பது நாள் எதுக்கு? மூணு நாள்ல ஒட்டிருவீங்க" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். குல்லா இல்லாமல் ஒரு மனுஷியை எப்படி ஒட்டவைப்பது என்று எனக்கே மறந்து போயிருந்தது.

அன்று மதியமே அது தெரிந்துவிட்டது. அவளைக் கேண்டீன் வாசல் வரை கூட்டிப்போய், "சாப்பிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மற்றவர்களுக்கு அதுவே அதிகம். நேராகப் போய் யார் தட்டிலிருந்தாவது ஒரு அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அரைமணி கழித்து எட்டிப் பார்த்தால், ஜெசிந்தா கை கழுவுகிற இடத்துப் பக்கம் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேசைகளில் இடம் கிடந்தது. "இங்க வந்து உக்காருங்க" என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஒருத்தரைக் கூப்பிட்டு உட்காரவைக்கிற அவசியமே ஆறு வருடமாக அங்கே வரவில்லை. எனக்குத் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

"வா அம்மணி" என்று அவளை இழுத்துக்கொண்டு போய் ஒரு மேசையில் உட்கார்ந்தேன்.

"ரசம் என்னமா மணக்குக்கா!" என்றாள் அவள்.

மேசையே திரும்பிப் பார்த்தது. எங்கள் கேண்டீன் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்பது ஆலைக்கே தெரியும். உப்பு இருக்கும், உறைப்பு இருக்கும், ஆனாலும் எதையோ மென்று விழுங்குகிற மாதிரிதான் இருக்கும். அதனால் ஆளுக்கொரு ஊறுகாய் பாட்டில் வைத்திருந்தோம். சமையல்காரர் மாரிச்சாமி மூன்று தடவை வேலையை விடுகிறேன் என்று கிளம்பி, மூன்று தடவையும் வாசலிலேயே சமாதானமானவர். அவர் கரண்டியோடு வெளியே வந்து, "அம்மணி, இன்னொருக்கா சொல்லு" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், வெளியூர்ப் பிள்ளை மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஜெசிந்தா சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஏழெட்டுப் பேரிடம் போய், "அண்ணே, ஒங்க பேரு என்ன? எந்த ஊரு? வீட்ல யாரு யாரு?" என்று விசாரித்தாள். முதலில் முறைத்தார்கள். எல்லாரும் எல்லாரையும் தெரிந்துவைத்திருக்கிற இடத்தில் யார் யாரைக் கேட்பார்கள்? பிறகு பார்த்தால், இடைவேளையில் அவளைச் சுற்றி ஒரு கூட்டம். லைன் இரண்டில் தெய்வானை தன் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன கதையை அவளிடம்தான் முதலில் சொன்னாள். மூன்று வருடமாகப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. எனக்கு மனசுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் மார்க் தாளில், 'அதிகம் கேள்வி கேட்கிறார்' என்ற கட்டத்தில் டிக் அடிக்கவேண்டியிருந்தது. அந்தக் கட்டத்துக்குப் பத்து மார்க் கழியும்.

மூன்றாம் நாளே இன்னொன்றும் ஆரம்பித்திருந்தது.

"எக்கா, லைன் மூணு பக்கம் ஒரு வாட வருதே. பழம் அழுகுன மாரி இனிப்பா ஒரு வாட."

போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இருபது பேரைக் கேட்டேன். ஒருவருக்கும் இல்லை. "புது எடமில்லீங்க, அப்புடித்தான் தோணும்" என்றார்கள். நானும் அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, மறுநாளும் வந்து அதையே சொன்னாள். சாயந்தரமானால் எனக்குத் தலை விண்விண்ணென்று வலிக்கும். எல்லாருக்கும் வலிக்கும். ஒவ்வொரு லைனிலும் மாத்திரை டப்பா இருந்தது. ஆலை வேலை என்றால் அப்படித்தான் என்று நாங்கள் அதை யோசித்ததே இல்லை.

ரங்கதுரை என்னைக் கூப்பிட்டார். "அந்தத் தூத்துக்குடி அம்மா மார்க் எவ்வளவுங்க?"

"நாப்பத்தொண்ணுங்க."

"வாசனை வருது, வாசனை வருதுன்னு லைன்ல போறவன் வர்றவனையெல்லாம் பயமுறுத்திட்டு இருக்காங்களாமே. கேஸ் சென்சார் பச்சையாத்தான் இருக்கு. நல்லவங்கதான், நான் இல்லைங்கல. ஆனா இங்க ஒட்டமாட்டாங்க. மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு இழுக்கறீங்க?"

இருபத்திரண்டாம் நாள் அவளை அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். அவள் போகக்கூடாது என்று எனக்கு அவ்வளவு ஆசை.

"நான் சொல்றதைக் கேளு அம்மணி. இன்னும் எட்டு நாள். அந்த வாடைப் பேச்சை மட்டும் எடுக்காம ஓட்டிரு. அறுபது நான் போட்டர்றேன்."

"ஐஸ் பிளான்ட்ல அமோனியா கசிஞ்சா மெஷினுக்கு முன்னால எங்க மூக்குக்குத் தெரிஞ்சிரும்க்கா. அப்படித்தான் பதினாறு வருசம் உசுரோட இருந்தோம்" என்றாள். அப்புறம் என்னை நேராகப் பார்த்தாள். "எனக்கு இந்த வேல வேணும். நீங்க சொன்னா வாய மூடிக்கிடுதேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. நான் இங்க ஒட்டணும்னா, வார வாட எனக்கு வரலன்னு சொல்லணும். அப்படித்தானக்கா?"

எழுந்து பாதுகாப்பு அறைக்குப் போய், கையில் பிடிக்கிற வாயுமானி ஒன்றை எடுத்து வந்தேன். "எங்கே, காட்டு" என்றேன்.

லைன் மூன்றில் கூரையோரம் சென்சார் பச்சை விளக்கோடு அழகாக இருந்தது. "அவ்வளவு ஒசரத்துல வச்சா எப்படிக்கா? இது கனத்த ஆவி, தரையோடல்லா போவும்" என்றபடி அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்து, வாயுமானியைத் தரைப் பலகையின் இடுக்கில் வைத்தேன். அது போட்ட கூச்சலில் நான் பின்னால் சாய்ந்து விழுந்தேன்.

லைனை நிறுத்திப் பலகையைப் பெயர்த்தார்கள். பேட்டரிக்குள் ஊற்றுகிற திரவம் வரும் குழாய் மூட்டில் விட்டுப்போயிருந்தது. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியிலிருந்து வந்த பரிசோதகர், "ஒரு பொறி பட்டிருந்தா இந்த ஷெட்டுல ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களை விநோதமாகப் பார்த்தார். "இத்தனை பேரு இருக்கீங்க, இந்த நாத்தம் ஒருத்தருக்குமா தெரியல?"

அதே கேள்வியோடுதான் அன்வரின் அறைக்குப் போனேன். கேட்கும்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"அன்வரு, குல்லாக்குள்ள இருக்கற அஞ்சு வருசம் யாரோடது?"

"என்னங்க்கா இப்புடிக் கேக்கறீங்க? நம்ம ராஜாமணி அண்ணனோடது. நீங்கதானே ஆளைத் தேர்ந்தெடுத்துக் குடுத்தீங்க."

நான்தான் கொடுத்தேன். ஓசூருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட ஒரே பழைய ஆள் ராஜாமணி. மற்ற பழைய ஆட்களையும் ஓசூரிலிருந்து கூப்பிட்டு, அவர்கள் பழக்கத்தை எடுத்திருக்கலாம். ஆனால் நான் புகார்ப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒவ்வொருத்தருக்கும் பக்கம் பக்கமாக இருந்தது. சத்தம், சூடு, நாற்றம் என்று ஆயிரம் குறை. ராஜாமணியின் பக்கம் மட்டும் வெள்ளைவெளேரென்று இருந்தது. அதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! இப்படி ஒரு திருப்தியான மனுஷனின் பழக்கத்தை எல்லாருக்கும் கொடுத்தால் ஆலையே திருப்தியாகிவிடும் என்று குறிப்பு எழுதினேன். அதைப் பாராட்டி மேலிடம் கடிதம்கூட அனுப்பியது.

ராஜாமணியைக் கூப்பிட்டோம். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வாசனைங்களா? எனக்கு மூக்கு போயி பதினாலு வருசமாச்சுங்க. ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதோட போயிருச்சு. சாம்பிராணி போட்டாலும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான்."

"ஏனுங்க ராஜாமணி, இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?" என்று கத்தினேன். அவர் மேல் கோபமில்லை. என் மேல்தான்.

"நீங்க மூணு மாசத்துக்கொருக்கா, 'ஏதாச்சும் குறை இருக்குங்களா'ன்னு கேட்டீங்க. எனக்கு இங்க ஒரு குறையுமில்லீங்களே" என்றார் அவர்.

அன்வர் தலையில் கைவைத்துக்கொண்டான். "ராஜாமணி அண்ணனுக்கு இந்த ஆலைன்னா வாசனையே இல்லாத இடம். அதைத்தானே நாம ஊட்டியிருக்கோம். வீட்டுக்குப் போனா நம்ம மூக்கு வேலை செய்யும். கேட்டுக்குள்ள நுழைஞ்சா அடங்கிரும்."

மாரிச்சாமியின் ரசம் ஞாபகம் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நான் மூக்கை அடைத்து வைத்திருந்தேன். அத்தோடு, இது வித்தியாசமாக இருக்கிறதே என்று யோசிக்கிற புத்தியையும் அடைத்து வைத்திருந்தேன். ஆறு வருடத்தில் வந்த எந்தப் புது ஆளும், "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்கவில்லை. அதை நான் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அந்த மூக்கு சங்கதியை மட்டும் எடுத்துரு" என்றேன்.

"தயிர்ல இருந்து உறை மோரை மட்டும் எடுக்க முடியுங்களா அக்கா?" என்றான் அன்வர். "குடுத்த பழக்கத்து மேலதான் மத்த பழக்கமெல்லாம் வளர்ந்திருக்கு. எடுத்தா அது மேல ஆலைக்குள்ள வளர்ந்தது மொத்தமும் கூடவே வந்துரும். பேரு தெரியும், வேலை தெரியும், நடந்ததெல்லாம் படிச்ச மாதிரி ஞாபகம் இருக்கும். ஆளுங்க மட்டும் புதுசா இருப்பாங்க. இருநூத்திப் பன்னெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் அந்நியமாத்தான் நிப்பாங்க."

முடிவை நாங்கள் எடுக்கவில்லை. எல்லாரையும் முற்றத்தில் கூட்டி உள்ளதை உள்ளபடி சொன்னோம். நான்தான் ஆளைத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் திட்டவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு சும்மா நின்றார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. லைன் நான்கில் வேலை செய்யும் பிரகதி கையைத் தூக்கினாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் இங்கே பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

"வீட்ல பழகினது வீட்ல இருக்கும்ல?" என்று கேட்டாள்.

அன்வர் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "இருக்கோணும்" என்றான் அவன்.

இரண்டு நாள் பேசினார்கள், அழுதார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பதினான்கு பேர் மாட்டேன் என்று சொல்லி ஆபீஸ் கட்டடத்துக்கு மாறிக்கொண்டார்கள். மற்றவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். பிரகதியும் அவள் வீட்டுக்காரரும் ஒருவர் முதுகில் ஒருவர் தாளை வைத்துப் போட்டார்கள்.

சனியும் ஞாயிறும் பழக்கத்தை எடுக்கிற வேலை நடந்தது. எல்லாருக்கும் எடுத்து முடித்த பிறகு என் முறை. உட்காருவதற்கு முன் ஜெசிந்தாவின் தாளை எடுத்து நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்காலியில் சாய்ந்தபோது பயமாக இருந்தது. நாற்பத்தாறு வயதில், யாருமே இல்லாத இடத்துக்கு வேலைக்குப் போகப்போகிறேன் என்று சின்னப்பிள்ளை மாதிரி பயந்தேன்.

திங்கட்கிழமை காலை கேட்டுக்கு உள்ளே கால் வைத்ததும் எண்ணெய் வாசனையும் சூடான இரும்பு வாசனையும் ஒன்றாக முகத்தில் அடித்தன. ஆறு வருடம் நான் நடந்த இடத்துக்கு வாசனை இருந்திருக்கிறது! முற்றம் நிறைய ஆட்கள். ஆளுக்கு ஆள் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, ஒருவர் கழுத்திலிருந்த அட்டையை ஒருவர் ஓரக்கண்ணால் படித்துக்கொண்டிருந்தார்கள். பேர்களைப் படித்தால் எனக்கும் தெரிந்தது. முகங்களைப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. கல்யாண மண்டபம் மாறி நுழைந்துவிட்ட மாதிரி நின்றேன். பிரகதியும் அவள் வீட்டுக்காரரும் மட்டும் கையைக் கோத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போது ஜெசிந்தா உள்ளே வந்தாள். அந்தக் கூட்டத்தில் அவள் முகம் ஒன்றுதான் எனக்கு முகமாக இருந்தது. அதைக் குல்லா கொடுக்கவில்லை, அதனால் எடுக்கவும் முடியவில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நில்லுங்கக்கா, வாரேன்" என்றவள் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தாள். "தெய்வானைக்கா, அம்மா இப்ப நடக்காங்களா? இந்தா, இவங்க பெனடிக்ட் அண்ணே. இவரு அம்மாவுக்கும் அதே ஆபரேஷன்தான் பண்ணாங்க. நீங்க ரெண்டு பேரும் பேசுங்க." அடுத்து, "முருகசாமி அண்ணே, ஒங்க ஏரியாவுலருந்து பைக்குல வாரது இந்தத் தம்பிதான், சேந்தே வரலாம்ல?" என்று இரண்டு இரண்டு பேராகக் கையைப் பிடித்துச் சேர்த்துக்கொண்டே போனாள். வேலைக்குச் சேர்ந்து முப்பத்தோரு நாள் ஆனவள். எங்கள் எல்லாரையும்விடச் சீனியர் அன்றைக்கு அவள்தான். சேர்த்துவிட்ட இடத்திலெல்லாம் பேச்சுச் சத்தம் மெல்ல ஏறியது. ரங்கதுரைகூட மாரிச்சாமியிடம், "நீங்க எந்தப் பக்கமுங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் என்னிடம் வந்து, "வாங்கக்கா, ஒங்களயும் ஒருத்தர்கிட்ட விடுதேன்" என்று கூட்டிப்போனாள். தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒருவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றார். அட்டையில் ராஜாமணி என்று இருந்தது. முகம் எனக்குப் புதிது. ஆனால் அவருக்குக் குல்லா மாட்டியதே இல்லை, அவரிடமிருந்து எடுத்து மட்டும்தான் இருக்கிறோம் என்பது எனக்கு நினைவிருந்தது. அந்த முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் இன்னமும் அவருக்குப் பழகினவர்கள்தான். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னோடு அவருக்கு ஆறு வருடப் பழக்கம். அவர் மூக்கைப் பற்றி ஊரறியச் சொன்னவளும் நான்தான்.

அவர் இரண்டு கையையும் கூப்பினார். கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்தார்.

"வணக்கமுங்க. எம் பேரு ராஜாமணிங்க. லைன் மூணு. நீங்க புதுசுங்களா?"

நானும் கை கூப்பினேன். "ஆமாங்க, இன்னைக்குத்தான் சேர்ந்திருக்கேன்" என்று என் பேரைச் சொன்னேன்.